திட்டமிடலும் இடைவெளியும்

ஒரு பயணம் எப்போது தொடங்குகிறது? வண்டி நகரும்போது என்று சொல்லிவிடலாம். ஆனால் வரைபடத்தை விரித்துவைத்து, "இங்கே இரண்டு நாள், அங்கே ஒரு நாள்" என்று ஒருவர் தாளில் எழுதத் தொடங்கும்போதே அவருடைய பயணம் தொடங்கிவிடுகிறது. அந்தத் தாளில் ஊர்களின் பெயர்கள் மட்டுமா பதிகின்றன? எதற்கு ஆசைப்படுகிறோம், எதற்கு அஞ்சுகிறோம், வழியில் சந்திக்கப்போகும் மனிதரை எந்த அளவுக்கு எண்ணிப் பார்க்கிறோம் என்பவையும் சேர்ந்தே பதிகின்றன. ஆகவே பயணத் திட்டம் அறச்சிந்தனைக்கும் உரிய பொருளாகிறது.

இதனை ஆய்ந்து பார்க்க, முதன்முறையாக ஜப்பான் நாட்டை இரயில் வழியே காணத் திட்டமிடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சுற்றுலாவுக்காக விசா கேட்கும் இந்தியரிடம், எந்த நாளில் எங்கே தங்குவார் என்ற நாள்வாரியான பட்டியலையும் அந்நாடு கேட்கிறது. எனவே திட்டமிடாமல் அங்கே செல்ல இயலாது. எப்படித் திட்டமிடுவது என்பதே கேள்வி. நாளையை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது நற்பண்பு. நாளையின் ஒவ்வொரு நிமிடத்தையும் கைக்குள் அடக்க முயல்வதும் நற்பண்புதானா? இவ்விரண்டுக்கும் இடையே எல்லை எங்கே இருக்கிறது?

டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே 'ஷின்கான்சென்' எனப்படும் அதிவேக இரயில் 1964 அக்டோபர் 1 அன்று ஓடத் தொடங்கியது. 515 கிலோமீட்டர் தொலைவைக் கடக்க அப்போது நான்கு மணி நேரம் ஆயிற்று. இன்றைய மிக விரைவான வண்டிக்கு இரண்டரை மணி நேரம்கூடத் தேவைப்படுவதில்லை. இத்தடத்தில் மூவகை வண்டிகள் ஓடுகின்றன. சில நிலையங்களில் மட்டும் நிற்பது நொசோமி. கூடுதலான நிலையங்களில் நிற்பது ஹிகாரி. எல்லா நிலையங்களிலும் நின்று செல்வது கொடாமா. எதிர்நோக்கு, ஒளி, எதிரொலி என்பன இப்பெயர்களின் பொருள். புயல், மழை, பனி அனைத்தையும் கணக்கில் சேர்த்தாலும், ஒரு வண்டிக்கு நேரும் சராசரித் தாமதம் இரண்டு நிமிடத்திற்கும் குறைவே. தொடங்கிய நாள் முதல் இன்று வரை மோதலாலோ தடம் புரண்டதாலோ இந்த இரயில்களில் பயணி எவரும் உயிரிழந்ததில்லை.

வேறொரு நிறுவனத்தைச் சார்ந்த புறநகர் வண்டி ஒன்று 2017 நவம்பர் 14 அன்று 20 வினாடி முன்னதாகப் புறப்பட்டுவிட்டது. பயணி எவரும் முறையிடாதபோதும் அந்நிறுவனம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. வண்டி சில நிமிடங்கள் பிந்தினால், அலுவலகத்திலோ பள்ளியிலோ காட்டுவதற்குத் தாமதச் சான்றிதழ் கொடுக்கும் வழக்கமும் அங்கு உண்டு. இவற்றைக் கேட்டு நாம் புன்னகைக்கலாம். ஆயினும், "இத்தனை மணிக்கு வருவேன்" என்று சொன்ன சொல்லைக் காப்பது, காத்திருப்பவரின் வாழ்நாளில் ஒரு பகுதியை வீணாக்காதிருப்பதே ஆகும். டோக்கியோ நிலையத்தில் ஏழு நிமிடங்களுக்குள் ஒரு முழு வண்டியையும் துப்புரவு செய்து முடிக்கும் பணியாளர்கள் இச்சொல்லைக் காப்பவர்கள். பத்து நிமிட இடைவெளியில் அடுத்த வண்டிக்கு மாறலாம் என்று வெளிநாட்டவர் ஒருவர் துணிந்து எழுதுகிறார் என்றால், முகம் அறியாத அவர்களின் உழைப்பை நம்பியே எழுதுகிறார்.

புனித தோமா அக்குவினாஸ், விவேகம் என்னும் புண்ணியத்தைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். கடந்ததை நினைவில் கொள்ளல், பிறரிடம் கற்கும் பணிவு, சூழ்நிலையை நோக்குதல், எச்சரிக்கை எனப் பல கூறுகளை அதில் காணும் அவர், அவற்றுள் தலையாயது முன்னோக்கு என்கிறார். எனவே நாளைக்காகத் திட்டமிடுதல் இறைநம்பிக்கைக்கு எதிரானது என்று எண்ண வேண்டியதில்லை. ஆனால் அதே ஆசிரியர், விவேகத்தைப் போலவே தோற்றமளிக்கும் தீய குணங்களையும் பட்டியலிடுகிறார். வருங்காலத்தைப் பற்றிய மிகைக் கவலை அவற்றுள் ஒன்று. முன்னோக்கும் மிகைக் கவலையும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒரே எழுதுகோலால் எழுதுகின்றன. அதனால்தான் அவற்றைப் பிரித்தறிவது அரிதாக இருக்கிறது.

இரயில் பயணத் திட்டத்தில் இந்த மிகை எப்படி நுழைகிறது என்று பார்ப்போம். வெளிநாட்டுப் பயணிகளுக்கென ஜப்பானிய இரயில் நிறுவனங்கள் 7, 14, 21 நாள்களுக்கான பயண அட்டைகளை விற்கின்றன. 7 நாள் சாதாரண அட்டையின் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஒருவழிக் கட்டணம் ஏறத்தாழ 14,000 யென். பழைய விலையில், இவ்விரு நகரங்களுக்கிடையே ஒருமுறை சென்று திரும்பினாலே அட்டைக்குக் கொடுத்த பணம் ஏறக்குறைய ஈடாகிவிடும். இன்றோ, டோக்கியோவிலிருந்து ஹிரோஷிமா வரை சென்று திரும்பினாலும் 50,000 யென் ஆவதில்லை. இத்தகைய பயணத்திற்குத் தனித்தனிப் பயணச்சீட்டு வாங்குவதே சிக்கனம்.

ஆனால் அட்டையைக் கையில் வாங்கிவிட்ட மனம் வேறு விதமாகக் கணக்கிடுகிறது. கொடுத்த பணம் திரும்ப வேண்டும். ஆகவே இன்னும் ஓர் ஊர், அதற்கப்பால் இன்னும் ஓர் ஊர். ஏழு நாளில் ஆறு நகரங்கள் என்று பட்டியல் நீளுகிறது. பார்ப்பதற்காகப் பயணம் போக வேண்டியவர், பணத்தை ஈடுசெய்வதற்காகப் பயணம் போகிறார். டோக்கியோவிலிருந்து கியோட்டோ செல்லும்போது, வானம் தெளிந்திருந்தால், வலப்பக்கச் சன்னலில் ஃபூஜி மலை தெரியும். முந்தைய இரவு பின்னேரத்தில் வந்திறங்கி விடியலில் மீண்டும் வண்டியேறிய மனிதர் அப்போது உறங்கிக்கொண்டிருப்பார். அவரது கணக்கில் இலாபம் வந்துவிட்டது. மலையோ சன்னலைக் கடந்து போய்விட்டது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழலாம். "பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்து, வாழ்நாளில் ஒரே ஒருமுறை போகிறோம். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று விரும்புவது பேராசையா?" என்று ஒருவர் கேட்கலாம். இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. வசதியுள்ளவர் மீண்டும் போகலாம். ஏழைக்கு இரண்டாம் வாய்ப்பு இல்லை. எனினும், ஒரே ஒருமுறை கிடைக்கும் விருந்தில் எல்லா வகைகளிலும் ஒரு கவளம் அள்ளி, எதையும் சுவைக்காமல் எழுந்துவிடுவதால் அந்த ஒரே வாய்ப்புக்கு நாம் நீதி செய்தவர்களாவோமா? ஒருமுறைதான் என்பதே அவசரத்திற்குக் காரணம் என்று மனம் சொல்கிறது. நிதானத்திற்கும் அதுவே காரணமாகலாம்.

மேலும், நம்முடைய அவசரத்தின் சுமை நம்மோடு நின்றுவிடுவதில்லை. கியோட்டோ நகரப் பேருந்துகளில் பெரும் பெட்டிகளோடு ஏறும் பயணிகளால், மருத்துவமனைக்கும் கடைக்கும் செல்லும் உள்ளூர் முதியோர் ஏற இயலாமல் தவிப்பதுண்டு. அந்நகரின் கியோன் பகுதியில் தனியார் சந்துகள் சில 2024-ஆம் ஆண்டு சுற்றுலாப் பயணிகளுக்கு மூடப்பட்டன. ஆகஸ்டு நடுவில் வரும் ஓபோன் நாள்களில், இறந்த முன்னோரை நினைவுகூரக் குடும்பங்கள் சொந்த ஊருக்குத் திரும்புகின்றன. வண்டிகள் நிரம்பி வழிகின்றன. அந்த நாள்களைத் தவிர்த்துத் திட்டமிடும் அந்நியர் தமக்கும் நன்மை செய்துகொள்கிறார், தாம் அறியாத ஒரு குடும்பத்திற்கும் இருக்கைகளை விட்டுக்கொடுக்கிறார்.

காலத்தைத் துல்லியமாகக் காப்பது நற்பண்பே என்றோம். அதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை ஜப்பான் பெரும் துயரத்தின் வழியே கற்றது. 2005 ஏப்ரல் 25 காலை, ஒசாகாவுக்கு அருகே அமாகசாகி நகரில் புறநகர் இரயில் ஒன்று வளைவில் தடம் புரண்டு, அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் மோதியது. ஓட்டுநரோடு சேர்த்து 107 பேர் இறந்தனர். ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். ஓட்டுநருக்கு வயது 23. முந்தைய நிலையத்தில் அவர் நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டிச் சென்று, பின்னோக்கி வர நேர்ந்ததால், வண்டி ஒன்றரை நிமிடத்திற்கும் குறைவாகவே பிந்தியிருந்தது. மணிக்கு 70 கிலோமீட்டர் வேகமே அனுமதிக்கப்பட்ட அந்த வளைவில் அது 110 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் நுழைந்தது.

அந்நாளில் தவறு செய்த ஓட்டுநர்களைப் பணியிலிருந்து விலக்கி, அறிக்கைகள் எழுதச்செய்து, கடிந்துகொள்ளும் 'மறுபயிற்சி' முறை இருந்தது. அதைப் பற்றிய அச்சம் அந்த இளைஞரின் கவனத்தைச் சிதைத்திருக்கக்கூடும் என்று 2007-இல் வெளியான விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. வேகத்தைத் தானாகக் குறைக்கும் புதிய பாதுகாப்புக் கருவி அந்தப் பகுதியில் அப்போது பொருத்தப்பட்டிருக்கவில்லை. பிற இரயில் தடங்களோடு நிலவிய போட்டியால், கால அட்டவணையும் இறுகியிருந்தது. விபத்திற்குப் பின் அந்நிறுவனம் அட்டவணையைத் தளர்த்தி, வண்டிகளுக்குக் கூடுதல் நேரம் அளித்தது.

இந்தத் துயரத்தை ஓர் இளைஞரின் பிழை என்று சொல்லி முடித்துவிட முடியுமா? பிழைக்கு இடமே இல்லாதபடி வகுக்கப்பட்ட திட்டம், பிழை செய்யும் மனிதரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஒரு நிமிடத்தைக்கூடப் பொறுக்க மாட்டாத பயணிகளின் விருப்பத்திற்கும் அந்த இறுக்கத்தில் பங்கு இல்லையா? சொன்ன சொல்லைக் காப்பது நீதி. சொல் தவறியவர் மூச்சுவிடவும் நேரம் அளிப்பது இரக்கம். கால அட்டவணையில் விடப்படும் அந்தச் சில நிமிடங்கள் பயனற்ற வெற்றிடம் அல்ல. மனிதர் மனிதராக இருப்பதற்காக ஒதுக்கப்பட்ட இடம் அது.

நம்முடைய சிறிய பயணத் திட்டத்திற்கும் இதுவே அளவுகோல் ஆகட்டும். பத்து நாள் பயணத்தில் இரண்டு அல்லது மூன்று ஊர்களில் தங்கி, அங்கிருந்தே அருகிலுள்ள இடங்களுக்குச் சென்று திரும்பலாம். கடைசி வண்டியை நம்பாமல் அதற்கு முந்தைய வண்டியை எழுதிக்கொள்ளலாம். முதியவரோ குழந்தையோ உடன் வந்தால், வண்டி மாறுவதற்குப் பத்து நிமிடம் போதாது. அரை மணி நேரம் விடலாம். மூன்று அளவுகளின் கூட்டுத்தொகை 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிகளுக்கு, அதிவேக இரயிலின் முதன்மையான தடங்களில், அதற்குரிய இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 2020 முதல் உள்ளது. அப்பெட்டியை முந்தைய நாளே கூரியர் வழியாக அடுத்த ஊருக்கு அனுப்பிவிட்டு, கைப்பையோடு பயணம் செய்வது அங்குள்ளோர் வழக்கம். ஒருமுறையாவது நொசோமியை விடுத்துக் கொடாமாவில் ஏறலாம். விரைவு வண்டிகள் முந்திச் செல்வதற்காக அது சிறிய நிலையங்களில் சில நிமிடங்கள் காத்து நிற்கும். அந்த நிமிடங்களில் பள்ளிப் பிள்ளைகள் ஏறுவதையும் மூதாட்டி ஒருவர் இறங்குவதையும் காணலாம்.

தமிழ்க் கத்தோலிக்கர் ஒருவர் ஜப்பான் செல்லும்போது, அவருக்கு முன்னே அந்த வழியில் நடந்த ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. முத்துக்குளித்துறைக் கடற்கரையில் நம் முன்னோரிடையே உழைத்த புனித சவேரியார், 1549 ஆகஸ்டு 15 அன்று ககோஷிமாவில் வந்திறங்கினார். அவரிடமும் ஒரு திட்டம் இருந்தது. தலைநகரான கியோட்டோவுக்குச் சென்று, பேரரசரைக் கண்டு, நற்செய்தி அறிவிக்க அனுமதி பெற வேண்டும் என்பதே அது. இன்று ககோஷிமாவிலிருந்து கியோட்டோவுக்கு ஐந்து மணி நேரத்திற்குள் இரயிலில் சென்றுவிடலாம். அவரோ குளிர்காலத்தில், கால்நடையாகவும் படகிலுமாக, 1551 சனவரியில் அங்கே போய்ச் சேர்ந்தார். நகரம் போரால் சிதைந்து கிடந்தது. பேரரசருக்கு அதிகாரம் ஏதும் இல்லை. அவரைக் காணவும் இயலவில்லை. ஏறத்தாழ பதினொரு நாள் தங்கியபின் சவேரியார் திரும்பினார். திட்டத்தின்படி பார்த்தால் அது முழுத் தோல்வி.

ஆனால் வழியில் அவர் ஏற்கெனவே கண்டிருந்த யமகுச்சி என்னும் ஊர் இருந்தது. அவ்வாண்டிலேயே மீண்டும் அங்கே சென்று, பேரரசருக்கென வைத்திருந்த பரிசுகளை அப்பகுதியின் ஆட்சியாளர் ஓவுச்சி யோஷிதாகாவிடம் அளித்தார். அவற்றுள் ஒன்று இயந்திரக் கடிகாரம். ஜப்பானுக்கு வந்த முதல் இயந்திரக் கடிகாரம் அதுவே என்று சொல்லப்படுகிறது. போதிக்கும் அனுமதியும், தங்குவதற்கு ஆளில்லாத ஒரு புத்த விகாரையும் அவருக்குக் கிடைத்தன. சில மாதங்களில் ஐந்நூறு பேர் அளவில் திருமுழுக்குப் பெற்றனர். முதல் திட்டத்தை இறுகப் பற்றிக்கொண்டிருந்தால், கியோட்டோவின் மூடிய கதவின் முன்னேயே அவர் காலம் கழிந்திருக்கும்.

அந்த யமகுச்சி முதல் பயணத் திட்டங்களில் அரிதாகவே இடம்பெறும். அதிவேக இரயிலிலிருந்து ஷின்-யமகுச்சியில் இறங்கி, சிறிய கிளைத் தடத்தில் ஏறிச் செல்ல வேண்டும். அங்குள்ள சவேரியார் நினைவுக் கோயில் 1952-இல் கட்டப்பட்டு, 1991-இல் தீக்கிரையாகி, 1998-இல் மீண்டும் எழுந்தது. எல்லோரும் அங்கே போக வேண்டும் என்பது அல்ல என் கருத்து. எந்த ஊர் நமக்கென்று காத்திருக்கிறது என்பதை மேசையின் முன் அமர்ந்தே முழுதும் அறிந்துவிட முடியாது.

ஆகவே, திட்டமிடுவோம், கவனத்தோடும் நேர்மையோடும் திட்டமிடுவோம். வண்டியின் நேரத்தை எழுதுவோம், தங்குமிடத்தை எழுதுவோம். பிறகு ஒரு நாளின் பிற்பகலையாவது எதுவும் எழுதாமல் விட்டுவைப்போம். பிந்தி வரும் வண்டிக்கும், களைத்துப்போன துணைவருக்கும், வழி கேட்டால் தம் வேலையை விட்டு நம்மோடு நடந்து வரும் அந்நியருக்கும் அந்த இடம் பயன்படும். நாம் எதிர்பாராத ஒன்றைத் தர இறைவன் விரும்பினால், அதைப் பெற்றுக்கொள்ள நம்மிடம் நேரம் இருக்கும்.