வழங்கியும் வழங்கலும்

கணினித் தமிழில் சேர்வரை ‘வழங்கி’ என்பர். வழங்குதல் கொடுப்பவன் கையோடு முடிவதன்று. பெறுபவன் கையை அடைவதே அதன் நிறைவாகும். 2020இல் பெருந்தொற்றால் இலங்கையில் கல்வி இணையவழிக்கு மாறியபோது, அக்கரப்பத்தனை போன்ற தோட்டப் பகுதிகளின் லயன் அறைகளில் பலருக்குக் கைத்தொலைபேசி அலை எட்டவில்லை. டேட்டாவுக்குப் பணமும் இல்லை. பாடம் வழங்கப்பட்டது, சேரவில்லை.

அதே நுவரெலியா மாவட்டத்தில், 1989இல் தொடங்கிய கொத்மலைச் சமூக வானொலி, 1990களின் இறுதியில் வேறொரு நெறியைக் காட்டியது. நேயர் வினாக்களுக்கு இணையத்தில் விடை தேடி, அதனை வானொலியில் ஒலிபரப்பிற்று. கணினி இல்லாதோரும் பயன் பெற்றனர்.

கல்லூரியொன்று தனக்கென ஊடக வழங்கி அமைப்பதற்கும் இதுவே அளவுகோல். விரிவுரைப் பதிவுகளை வளாகத்தின் உள்வலையமைப்பில் வைத்தால், டேட்டாச் செலவின்றி மாணவர் காணலாம். விடுமுறைக்குத் தோட்டம் திரும்புவோர் அவற்றைப் பதிவிறக்கிக் கொண்டுசெல்லவும் இடமிருத்தல் வேண்டும். எட்டாத இடத்திலிருப்பவனை முதற்கண் எண்ணுவதே வழங்கலின் அறமாகும்.