ஆட்டக்களத்தில் களவு

சூது தீது என்பதில் நம்மவரிடையே இரு கருத்து இல்லை. ஏழு வியசனங்களை எண்ணத் தொடங்கும் சிறுவனும் சூதினையே முதலில் எண்ணுகிறான். ஊனும் கள்ளும் பிறவும் அதன் பின்னரே வருகின்றன. ஆயினும் அண்மைக் காலத்தில் இளைஞர் சிலர் எழுப்பும் வினா சற்று வேறுபட்டது. "தொழில்முறைக் கூடைப்பந்து ஆட்டங்களெல்லாம் சூதாட்டத் தரகருக்காக முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டவைதாமே? சூதாடுவோரைச் சூதாடுவோரே ஏமாற்றினால் அதில் பிறர்க்கு என்ன நட்டம்?" என்பதே அவ்வினா. இதனுள் இரண்டு வினாக்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று உண்மை பற்றியது. மற்றொன்று அறம் பற்றியது. இரண்டினையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதனாலேயே பலர் தவறான முடிவுக்கு வருகின்றனர் என்பது என் எண்ணம்.

இராசபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கூடைப்பந்து பற்றி எழுதுவது சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். பணியின் பொருட்டு இப்பக்கம் வந்து, ஓய்வு பெற்ற பின்னும் இங்கேயே தங்கிவிட்டவள் நான். மாலையில் பள்ளித் திடலில் வளையத்தில் பந்தெறியும் பிள்ளைகள், விடியற்காலையில் எழுந்து அமெரிக்க நாட்டு ஆட்டங்களைக் கைப்பேசியில் காண்கின்றனர். அங்கே இரவாகும் பொழுது இங்கே விடிகிறதன்றோ! 1891-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் தம் மாணவர்க்காகக் கண்டுபிடித்த ஆட்டம் இது. நம் தமிழகத்துப் பள்ளிகளில் உடற்பயிற்சிக் கல்வி வேரூன்றியதற்கு, 1920-இல் ஹாரி பக் என்பவர் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி பெருங்காரணம். ஆசிரியர் வகுத்த ஆட்டம் என்பதனால் எனக்கு இதன்மேல் சற்றுப் பற்று உண்டு. அதனை மறைக்க விரும்பவில்லை.

முதலில் உண்மையை நோக்குவோம். இவ்வாட்டத்தில் களவு நுழைந்தது புதிதன்று. 1950-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரக் கல்லூரி அணி அந்நாட்டின் இரு பெரும் கல்லூரிப் போட்டிகளிலும் வென்று புகழின் உச்சியில் நின்றது. அடுத்த ஆண்டே அவ்வணியின் வீரர் பலர் கைது செய்யப்பட்டனர். விசாரணை விரிந்தபோது 1947 முதல் 1950 வரை நடந்த 86 ஆட்டங்களில் களவு நிகழ்ந்தமையும், 7 கல்லூரிகளைச் சார்ந்த 32 வீரர்கள் அதில் தொடர்புற்றமையும் வெளிப்பட்டன.

அவர்கள் செய்தது யாது? பெரும்பாலும் அவர்கள் தோற்பதற்குப் பணம் வாங்கவில்லை. குறைவாக வெல்வதற்கே வாங்கினர். ஓர் அணி 10 புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் எனத் தரகர் கணித்தால், அந்த வித்தியாசத்தின் மீதே பந்தயம் கட்டப்படும். அவ்வணி 6 புள்ளி வித்தியாசத்தில் வென்றால் அணிக்கு வெற்றி; அதன்மேல் பணம் வைத்தவனுக்குத் தோல்வி. ஆகவே ஆட்டக்காரன் ஈரிடத்தில் பந்தைக் கைநழுவ விட்டால் போதும். தன் அணியும் வென்றது, தன் பையும் நிறைந்தது, எவரைக் கெடுத்தேன் என்று அவன் தன் மனச்சான்றினைத் தட்டித் தூங்கவைத்துவிடலாம். பக்கத்திற்கு ஐவரே ஆடும் ஆட்டமாதலின் ஒருவனுடைய தளர்ச்சி புள்ளிக் கணக்கில் உடனே தெரியும். ஆனால் அது களைப்பா, களவா என்பது மட்டும் தெரியாது.

நடுவரும் இதற்கு விலக்காகவில்லை. அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில் 13 பருவங்கள் நடுவராயிருந்த டிம் டோனகி என்பவர், பந்தயக்காரர்க்கு உள்செய்திகளைச் சொல்லிப் பணம் பெற்றதனை 2007-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். பொய்த்தீர்ப்பு வழங்கி ஆட்டத்தைத் திருப்பியதாக மட்டும் அவர் ஒப்பவேயில்லை. 2024-இல் டொராண்டோ அணியின் ஜோன்டே போர்ட்டர் என்ற இளைஞர் ஆயுள் முழுதும் ஆடத் தடை செய்யப்பட்டார். அவ்வாண்டு மார்ச் 20 அன்று உடல்நலமில்லை என்று கூறி மூன்று நிமிடத்திற்குள் அவர் களத்தை விட்டு வெளியேறினார். அவர் குறைந்த புள்ளிகளே எடுப்பார் என்று ஒருவர் 80,000 டாலர் பந்தயம் கட்டியிருந்தார். அது கைகூடியிருப்பின் 11 இலட்சம் டாலர் கிடைத்திருக்கும். தம் சூதாட்டக் கடன்களிலிருந்து விடுபடவே இவ்வழியிற் சென்றதாகப் பின்னர் நீதிமன்றத்தில் அவர் கூறினார். வியசனம் முதலில் வருகிறது. களவு அதன் கைப்பிடித்து வருகிறது. 2025 அக்டோபரில் டெர்ரி ரோஸியர் என்னும் வீரர் உட்படப் பலர் கைது செய்யப்பட்டனர். அவர் தம்மீதான குற்றச்சாட்டினை மறுத்துள்ளார் என்பதையும் உடன் கூறுதல் முறை.

இவற்றைக் கண்டு "எல்லாம் பொய்" என்று முடிவு கட்டலாமா? கூடாது என்றே சொல்வேன். அச்சங்கத்தில் 30 அணிகள். ஒவ்வொன்றும் பருவத்திற்கு 82 ஆட்டங்கள். ஆக 1,230 ஆட்டங்கள் நடைபெறுகின்றன. மெய்ப்பிக்கப்பட்டவையோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. வெளிப்படாதவையும் இருக்கலாம், எனினும் கள்ள நாணயம் செல்லுபடியாவது நல்ல நாணயம் புழங்கும் ஊரில்தான். எல்லா ஆட்டமும் பொய்யாயின் பந்தயம் கட்ட எவன் முன்வருவான்? மேலும், வாய்மை என்னும் அணுவிரதத்திற்குரிய அதிசாரங்களில் பரிவாதம், அதாவது பழி கூறல், ஒன்றாக எண்ணப்பட்டுள்ளது. இறுதி நொடியில் எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தமையால் ஒருவனைக் கள்வன் என்பது எளிது. மில்லில் இரவு முறை பார்த்துவிட்டு வருபவனுடைய கை ஒரு நாள் நூலிழையில் தடுமாறுவதில்லையா?

இனி அறம் பற்றிய வினா. ஏமாறுபவன் சூதாடிதானே, அவன் இழந்தால் நன்றன்றோ என்னும் கூற்றில் ஒரு கவர்ச்சி உண்டு. ஆயினும் இதனைச் சூது என்னும் தலைப்பில் வைத்துப் பார்த்தால் விடை கிடைக்காது. கள்ளாமை என்னும் தலைப்பில் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

சமந்தபத்திர சுவாமிகள் அருளிய இரத்தினகரண்ட சிராவகாசாரத்திலும், அதன் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பிலும், கள்ளாமைக்குரிய அதிசாரங்கள் ஐந்து கூறப்படுகின்றன. களவு செய்வோரைத் தூண்டுதல், களவுப் பொருளைக் கொள்ளுதல், அரசநெறியைக் கடத்தல், ஒத்த பொருளைக் கலந்து விற்றல், அளவைகளைக் கூட்டியும் குறைத்தும் வழங்குதல் என்பன அவை. வணிகரை நோக்கிச் சொல்லப்பட்டவை போலத் தோன்றும் இவற்றை ஆட்டக்களத்தில் வைத்துப் பாருங்கள். நான்காவது அதிசாரம் அப்படியே பொருந்துகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவிற்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பெயரை ஒட்டி வேறோர் ஊரில் மாவும் சர்க்கரையும் மிகுத்துக் கிண்டியதை ஒருவன் விற்றால், வாங்கியவனுடைய காசு மட்டுமா களவு போகிறது? பாலைச் சுண்டச் சுண்ட அடுப்படியில் நின்று கிளறியவருடைய பெயரும் களவு போகிறது. அவர் கடைப்பக்கமே போகாதவன்கூட, "எல்லாம் கலப்படம்தான்" என்று சொல்லத் தொடங்கிவிடுகிறான். முன்கூட்டி முடிவு செய்த ஆட்டமும் இத்தகைய சரக்கே. மெய்யாக ஆடிய மற்ற ஒன்பதின்மருடைய வியர்வை அதில் கலந்திருப்பதனாலேயே அது விலைபோகிறது. ஆகவே இழந்தவர் பட்டியலில் சூதாடி முதல்வன் அல்லன். உடன் ஆடியவனும், எதிரே ஆடியவனும், பார்த்து உளம் பூரித்த சிறுவனும் அவனுக்கு முன்னே நிற்கின்றனர்.

இதற்குக் கிரிக்கெட்டிலிருந்து ஒரு சான்று காட்டலாம். கூடைப்பந்தினும் நம் இல்லங்களுக்கு அது அணுக்கமானது. 2000 சனவரியில் தென்னாப்பிரிக்காவின் செஞ்சூரியன் நகரில் இங்கிலாந்துடன் நடந்த தேர்வாட்டத்தில் மூன்று நாள்கள் மழையால் வீணாயின. சமனில் முடியவேண்டிய ஆட்டத்தை, தென்னாப்பிரிக்கத் தலைவர் ஹான்சி குரோனே, இரு அணியும் ஒவ்வோர் இன்னிங்ஸை விட்டுக்கொடுக்கலாம் என்று பேசி, உயிருள்ள போட்டியாக்கினார். இங்கிலாந்து 2 விக்கெட்டில் வென்றது. தோல்விக்கு அஞ்சாத பெருந்தன்மை என்று பலர் புகழ்ந்தனர். சில திங்களில் தில்லிக் காவல்துறை அவருடைய தொலைபேசிப் பேச்சுகளை வெளிப்படுத்தியது. அதன் பின் எழுந்த விசாரணையில், செஞ்சூரியன் ஆட்டம் சமனாகாமலிருக்க ஒரு பந்தயக்காரரிடம் அவர் பணமும் ஒரு தோல் மேலங்கியும் பெற்றமை தெரிந்தது. தோல்வியை விற்றதினும் பெருந்தன்மையை விற்றமையே என்னை வருத்துகிறது. அதன் பின் எந்தத் தலைவன் மெய்யாகவே பெருந்தன்மை காட்டினாலும் மக்கள் அவன் சட்டைப்பையையன்றோ பார்ப்பார்கள்?

நம் மாநிலமும் இதில் தப்பவில்லை. 2013-ஆம் ஆண்டு ஐ.பி.எல். சூதாட்ட வழக்கில், சென்னை அணியின் நிர்வாகத்தோடு தொடர்புடைய குருநாத் மெய்யப்பன் பந்தயம் கட்டியமை உறுதிப்பட்டது. அவர் ஆட்ட முடிவையே மாற்றினார் என்பதற்குச் சான்று கிட்டவில்லை. ஆயினும் நீதிபதி லோதா குழு 2015 சூலையில் அவரைக் கிரிக்கெட்டிலிருந்து ஆயுள் முழுதும் விலக்கி, சென்னை அணியையும் இராசத்தான் அணியையும் ஈராண்டு நிறுத்திவைத்தது. ஆட்டத்தை மாற்றாதபோது பந்தயம் கட்டியமைக்காக ஓர் அணி முழுவதையுமா தண்டிப்பது என்று அப்போது பலர் கேட்டனர். அத்தீர்ப்பு கடுமையானதன்று என்பது என் கருத்து. அணியின் உள்ளிருப்பவன் பந்தயம் கட்டினால், அவன் அறிந்த மறைசெய்தி ஒவ்வொன்றும் திருட்டு நாணயமாகிவிடுகிறது.

பணியிலிருந்த நாளில் பள்ளிகளுக்கிடையிலான கூடைப்பந்துப் போட்டிகளில் புள்ளிக்கணக்கு எழுதும் மேசையில் பலமுறை அமர்ந்திருக்கிறேன். தமிழாசிரியைக்குக் கையெழுத்து நன்றாயிருக்கும் என்பதே என்னை அமர்த்தியதற்குக் காரணம்! ஒருமுறை, கோட்டுக்கு வெளியே சென்ற பந்து தன் விரலிற்றான் கடைசியாகப் பட்டது என்று ஒரு மாணவி தானே நடுவரிடம் கூறினாள். பந்து எதிரணிக்குப் போயிற்று. அவள் அணி ஒரு புள்ளியில் தோற்றது. பெற்றோர் சிலர் அவளை அறிவிலி என்றனர். தோற்ற அணியின் பெண்கள் நால்வரும் அவளைப் பேருந்து வரை பேசாமல் நடத்திச் சென்றனர். அவள் செய்தது சரி என்று கூற அன்று எவர்க்கும் தோன்றவில்லை; ஆனால் அவள் எதனையாவது பெற்றுக்கொண்டு அப்படிச் சொல்லியிருப்பாளோ என்ற ஐயமும் எவர்க்கும் தோன்றவில்லை. இன்று அத்தகையதோர் ஐயம் எழக்கூடும்.

இளைஞருடைய வினாவில் என்னை மிகவும் உறுத்துவதும் இதுவே. இராசபாளையத்து நூற்பாலை ஒன்றில் வேலை செய்யும் உறவுக்காரப் பிள்ளை ஒருவன், எல்லா ஆட்டமும் முன்னரே முடிவு செய்யப்பட்டவை என்று உறுதியாக நம்புகிறான். நம்பிக்கொண்டே மூன்று மாதச் சம்பளத்தைப் பந்தயத்தில் இழந்திருக்கிறான். "பொய் என்று தெரிந்தும் ஏன் பணம் வைத்தாய், தம்பி?" என்று கேட்டேன். "யாருக்காகப் பொய் என்று கண்டுபிடித்துவிட்டால் வென்றுவிடலாம், பெரியம்மா" என்றான். ஏமாற்றப்பட்டவன் என்று அவன்மேல் இரக்கம் கொள்ள முயன்றேன், முழுமையாக இயலவில்லை. அவன் நேர்மையான ஆட்டத்தில் பணம் வைக்கவில்லை. களவில் பங்கு கேட்கிறான். பங்கு கிடைக்காதது அவனுடைய நல்வினை. செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்றினையும் ஒரு தன்மையாகவே நம் ஆகமங்கள் எண்ணுகின்றன. ஆட்டக்காரனுக்குப் பணம் கொடுத்தவன் தரகன். அத்தரகனுக்குப் பணம் கொடுத்தவர் எவர்?

சட்டம் தன் கடமையைச் செய்ய முயல்கிறது. தமிழகத்தில் 2003 முதல் லாட்டரிச் சீட்டு விற்பனைக்குத் தடையுள்ளது. இணையவழிச் சூதாட்டத்திற்கெதிராக மாநில அரசு 2022-இல் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் மைய அரசும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. திறமை ஆட்டமா, தற்செயல் ஆட்டமா என்று நெடுநாள் நடந்த வழக்காட்டினை இக்கடைசிச் சட்டம் ஒரு வரியில் ஒதுக்கிவிட்டது. அதுபற்றி அறிஞர் வாதிடட்டும். மறைவாகப் பந்தயம் வாங்குவோர்க்குச் சட்டம் ஒரு தடையன்று என்பதனை நூற்பாலைப் பிள்ளையே எனக்கு விளக்கினான்.

ஆட்டத்தைக் காண்பதே தவறோ என்று நம் தாய்மார் சிலர் கேட்கின்றனர். காணுதல் தவறன்று என்பேன். மெய்யாக ஆடுவோரைப் பார்த்து மகிழ ஆளில்லாமற் போனால், பார்ப்பவர் எல்லாரும் பந்தயக்காரராகவே இருப்பர்.

அந்தப் பிள்ளை ஒரு நாள் ஏதோ சிறிய பந்தயத்தில் வென்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி அரைக் கிலோ பால்கோவா வாங்கிவந்து வீட்டில் வைத்தான். வீட்டார் என்னைப் பார்த்தனர். தின்பண்டத்தில் என்ன பாவம், பிள்ளை அன்பாக வாங்கி வந்ததை மறுத்தால் அவன் மனம் புண்படாதா, அதுவும் இம்சையன்றோ என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் வாதிட்டார். வாதம் நல்ல வாதமே. ஐந்து அதிசாரங்களில் இரண்டாவதை அவருக்கு எடுத்துரைத்தேன். அவர் ஏற்கவில்லை. பொட்டலம் மூன்று நாள் பிரிக்கப்படாமல் அலமாரியில் இருந்தது. நான்காம் நாள் அவனே எடுத்துச் சென்றுவிட்டான். எங்கே கொண்டுபோனான் என்று நான் கேட்கவில்லை.