கைப்பேசியும் பள்ளியின் கடமையும்

2020 சூன் முதல் நாள் தொடங்கிய ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகளைத் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைவீதிப் பிள்ளைகளும் தொலைக்காட்சியிலும் பெற்றோரின் கைப்பேசியிலும் கண்டே கற்றனர். அன்று கல்விக்கு வழியான கருவியை இன்று வாயிலில் பறித்துக்கொண்டால் பள்ளியின் கடமை தீர்ந்துவிடுமோ?

கோழிக்கோட்டுக் கல்லூரி விடுதியொன்று மாலை 6 முதல் இரவு 10 மணிவரை கைப்பேசியைத் தடுத்தது. இணங்காத மாணவி வெளியேற்றப்பட்டாள். 2019 செப்டம்பர் 19-இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதி பி. வி. ஆஷா, இணையத்தை அணுகுதல் கல்வியுரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்குமெனத் தீர்ப்பளித்து, அவளை மீண்டும் சேர்க்கப் பணித்தார். உடனுறைவோர்க்கு இடையூறு செய்யலாகாதென்றும் கூறினார்.

அவள் வயது வந்தவள், பள்ளிச் சிறார் அவ்வாறல்லர் என்பர். மெய்யே. அதனாலன்றோ பள்ளியின் பொறுப்பு மிகுகின்றது! வகுப்பில் கைப்பேசி கூடாதென்பதில் எமக்கும் மாறுபாடில்லை. ஆயின், அதன் வழியே ஒரு சிறுமிக்குப் பாலியல் தொல்லை நேர்ந்ததென அறிந்த ஆசிரியர் காவல்துறைக்கு அறிவித்தே தீரவேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம். அறிவியாதார்க்கு 6 மாதம்வரை சிறை விதிக்கலாம். கைப்பேசி வைத்திருந்ததற்கே தண்டனை என்று அஞ்சும் அச்சிறுமி, அத்தொல்லையை எந்த ஆசிரியரிடம் சென்று சொல்வாள்?