துயரும் அளவுகோலும்: இரஃபேலின் ஆயத்த வரைவுகள் எழுப்பும் அறவினா

பிறர் துயரைக் கலைப்பொருளாக்கும் ஒருவர் அத்துயரை அளந்து பார்ப்பது அறமாகுமா என்பது கலையியலின் பழைய வினாக்களுள் ஒன்று. நிறைவுற்ற படைப்பில் இவ்வினா மறைந்து நிற்கும். அதற்கு முற்பட்ட வரைவுகளிலோ வெளிப்படையாகத் தெரியும். இத்தாலிய ஓவியர் இரஃபேல் 1507இல் தீட்டி முடித்த பலிபீட ஓவியத்தின் ஆயத்த வரைவுகளைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஓவியத்தின் பின்புலம்

பெரூஜா நகரை ஆண்ட பாலியோனி குடும்பத்தில் 1500 ஜூலையில் உறவினரே உறவினரைக் கொன்றனர். அக்கொலையில் பங்கேற்ற கிரிஃபோனெத்தோ என்னும் இளைஞன் பழிக்குப் பழியாகத் தானும் கொல்லப்பட்டான். அவனுடைய தாய் அட்டலாண்டா, அந்நகரின் புனித பிரான்சிசு ஆலயத்துக் குடும்பச் சிற்றாலயத்திற்காக இவ்வோவியத்தை வரையச் செய்தார். இயேசுவின் உடலைக் கல்லறைக்குச் சுமந்து செல்லும் காட்சி அது. மகனை இழந்த தாய் ஒருவர், மகனை இழந்த மற்றொரு தாயின் உருவைத் தம் வழிபாட்டிடத்தில் வேண்டினார் என ஆய்வாளர் பலர் கருதுவர்.

வரைவுகள் காட்டும் மாற்றம்

ஆக்ஸ்ஃபர்டில் உள்ள தொடக்க வரைவில் உடல் கிடத்தப்பட்டிருக்கிறது, சுற்றியுள்ளோர் புலம்புகின்றனர். பின்னைய வரைவுகளில் புலம்பல் சுமத்தலாக மாறுகிறது. பிளாரன்சு உஃபீட்சி காட்சியகத்து வரைவில், உருவங்களின் மீது கட்டங்கள் இடப்பட்டுள்ளன. பெரிய அளவில் பெயர்த்தெழுதுவதற்குரிய வழக்கமான முறை இது. பிரித்தானிய அருங்காட்சியகத்து வரைவு ஒன்றோ, மயங்கி விழும் மரியாளை எலும்புக்கூட்டுடன் காட்டுகிறது.

அளத்தல் அறமா?

தாயின் மயக்கத்தை எலும்பு எலும்பாக ஆராய்வது இரக்கமின்மை எனத் தோன்றலாம். ஆனால் நினைவிழந்த உடலின் பாரம் எங்கே சாய்கிறது, தாங்கும் கைகள் எங்கே அதனை ஏற்கின்றன என்பதை அறியாது தீட்டினால் அம்மயக்கம் நடிப்பாகிவிடும். பொய்யான துயரைத் துயருற்றவர் முன் வைப்பதே பெரிய அவமதிப்பாகும். எனவே அளத்தல் இரக்கத்திற்குப் பகையன்று.

எனினும் இவ்விடை முழுமையானதன்று. நிறைவுற்ற ஓவியத்தில் சுமப்போரின் முறுகிய உடல்கள் முன்னிற்க, தாயோ மகனிடமிருந்து பிரிந்து வலப்புறம் ஒதுங்குகிறார். திறமை தன்னையே வியக்கத் தொடங்கும் இடர் இங்குண்டு. ஆகவே அளந்தாரா என்பதன்று, அளந்தது யாருக்குத் திரும்பியது என்பதே உரிய வினா. இங்கு அது அட்டலாண்டா வழிபடும் பீடத்திற்குத் திரும்பியது.

முடிவுரை

1608இல் இவ்வோவியம் இரவோடிரவாகப் பெரூஜாவிலிருந்து அகற்றப்பட்டு, கர்தினால் சிப்பியோனே போர்கேசேயின் தொகுப்பிற்காக உரோமுக்குக் கொண்டு செல்லப்பட்டது. நகர மக்களுக்கு ஒரு படியே கிட்டியது. இன்றும் மூலம் போர்கேசே காட்சியகத்தில் உள்ளது. துயரிலிருந்து கலையைப் பிரித்தது ஓவியரின் கட்டங்கள் அல்ல. அதனை அழகிய பொருளாக மட்டுமே கண்ட உடைமை வேட்கையே. படைப்பவரிடம் கேட்கும் அறவினாவை, படைப்பைக் கைக்கொள்வோரிடமும் காண்போரிடமும் கேட்க வேண்டும் என்பதே இவ்வரைவுகள் உணர்த்தும் உண்மையாகும்.