வீட்டை நிறுத்திவிட்டுப் பேருந்து ஏறுவோர்

பயணம் என்பது வீட்டை விட்டு வெளியேறுவது என்றே பெரும்பாலான சமூகங்கள் கொண்டிருக்க, வீட்டையும் கூடவே கொண்டுசெல்லலாம் என்ற எண்ணம் பிரிட்டனில் கடந்த ஒன்றரை நூற்றாண்டுக்குள் வேரூன்றி, இன்று அந்நாட்டுக் கோடை விடுமுறையின் வழக்கமான காட்சிகளுள் ஒன்றாகிவிட்டது. படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி ஆகிய அனைத்தையும் ஒரே கூட்டுக்குள் அடக்கி, தன் சொந்த எஞ்சினால் ஓடும் வண்டியை அங்கு மோட்டார்ஹோம் என்பர். கார் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவனிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது அந்த எஞ்சின்தான். நினைத்த இடத்தில் நிற்கலாம், நினைத்தபோது கிளம்பலாம் என்பதே இதை வாங்குவோர் பெரும்பாலும் சொல்லும் காரணம். ஆனால் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கார்ன்வால், டெவன், டார்செட் பகுதிகளின் கடலோர முகாம் திடல்களைக் கவனிப்போருக்கு ஒரு முரண் கண்ணில் படும். பெரும்பணம் கொடுத்து வாங்கிய வண்டி திடலில் அசையாமல் நிற்க, அதன் உரிமையாளர்கள் சாலையோரம் நின்று உள்ளூர்ப் பேருந்துக்குக் காத்திருப்பார்கள். மீன்பிடித் துறை, சந்தை, குன்றின்மேல் தேவாலயம் என்று ஊர் சுற்றுவது முழுவதும் பேருந்திலேயே நடக்கும். வீடு சில நாள்களுக்கு ஒருமுறை அடுத்த திடலுக்கு நகர்வதோடு சரி. இதைச் சிக்கனம் என்றோ வசதி என்றோ சொல்லி முடித்துவிடலாம், இரண்டும் உண்மைதான். எனினும், விருப்பம்போல் செல்லும் ஆற்றலைக் காசு கொடுத்துப் பெற்றவர்கள், பெற்ற பிறகு அதைத் தாமாகவே ஒதுக்கிவைத்து, வேறொருவர் வகுத்த நேர அட்டவணைக்குத் தம் நாளை ஒப்புக்கொடுப்பது ஏன் என்ற கேள்வி அதற்குப் பின்னும் எஞ்சுகிறது.

முரண் புதிதன்று. உல்லாசப் பயணத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் கேரவன் என்று பொதுவாகக் கருதப்படும் 'வாண்டரர்', கடற்படை மருத்துவராக இருந்து பின்னர் எழுத்தாளரான வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்பவருக்காக 1885-இல் பிரிஸ்டலில் செய்யப்பட்டது. இரண்டு குதிரைகள் இழுத்த அந்த வண்டியில் அவர் தென் இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் வரை சென்றார். வண்டியை ஓட்ட ஓர் ஆள் இருந்ததோடு, மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே சென்று வழி எப்படியிருக்கிறது என்று பார்க்கவும், எதிரே வருவோரை எச்சரிக்கவும் ஒரு பணியாளும் இருந்தார் என்பதுதான் இங்குக் கவனிக்கத்தக்கது. வீடு நகரத் தொடங்கிய அன்றே, அதற்கு முன்னால் இலேசான மற்றொரு வண்டி ஓட வேண்டியிருந்தது. இன்று அந்த மிதிவண்டியின் இடத்தில் பேருந்து இருக்கிறது.

நகரும் வீட்டின் பாரம், பால் வாங்கப் போகும்போதுதான் தெரியும். திடலில் ஒரு மோட்டார்ஹோம் நிலைகொள்வது என்றால், சாய்வைச் சரிசெய்யச் சக்கரங்களுக்கு அடியில் ஆப்புக்கட்டைகளைத் தள்ளி ஏற்றுவதும், நீல நிறச் செருகியை மின்கம்பத்தில் மாட்டிக் கம்பியை வண்டிவரை இழுப்பதும், எரிவாயு உருளையைத் திறப்பதும், பக்கவாட்டுப் பந்தலை விரிப்பதும் அடங்கும். கிளம்புவது என்றால் இவற்றை எல்லாம் தலைகீழ் வரிசையில் செய்தாக வேண்டும். கூரைச் சாளரத்தை மூடினோமா, வாசற்படியை மடித்தோமா, கழுவிக் கவிழ்த்த கோப்பைகளை அலமாரிக்குள் வைத்துத் தாழிட்டோமா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், ஒன்றை மறந்தாலும் முதல் வளைவிலேயே உள்ளிருந்து வரும் ஓசை அதை நினைவூட்டிவிடும். இத்தனையும் முடித்து ஊருக்குள் போனால், கடற்கரை வாகன நிறுத்தத்தின் வாயிலில் ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்தில் குறுக்குக் கம்பி ஒன்று தொங்கும். 3 மீட்டரை எட்டும் வண்டி அதன் முன் நின்று திரும்பிவர வேண்டியதுதான்.

ஆயினும் வண்டியின் பருமன் மட்டுமே காரணம் என்பது பொருந்தாது. பிரிட்டனில் ஓடும் முழு அளவுப் பேருந்தின் அகலம் ஏறத்தாழ 2.5 மீட்டர், சாதாரண மோட்டார்ஹோமின் அகலமோ பெரும்பாலும் அதைவிடக் குறைவு. மாடிப் பேருந்தின் உயரம் 4 மீட்டருக்கும் மேல். அப்படியிருந்தும் கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸ் நகரிலிருந்து ஸென்னார் வழியாக செயின்ட் ஜஸ்ட் செல்லும் ஒடுங்கிய சாலையில், ஒரு பக்கம் பாறைக் குன்றும் மறுபக்கம் அட்லாண்டிக் பெருங்கடலும் இருக்க, மாடிப் பேருந்து ஓடுகிறது. விடுமுறைக்கு வந்தவர் அதே சாலையில் வியர்வை வழியப் பின்னோக்கி ஓட்டிக்கொண்டிருக்கிறார். எந்த வளைவுக்குப் பின்னால் ஒதுங்க இடமுண்டு, எந்தப் பண்ணை வாயிலில் பால் வண்டி நிற்கும், எந்தச் சுவரில் கண்ணாடி உரசும் என்பது பேருந்து ஓட்டுநருக்குத் தெரியும். அவ்வழி அகலமாக இருப்பதால் அவரை விடவில்லை. நாள்தோறும் வருபவர் என்பதால் விடுகிறது. பரிச்சயமும் ஒருவகைச் சுதந்திரமே என்பதையும், அதைக் கடையில் வாங்க முடியாது என்பதையும் மோட்டார்ஹோம் விளம்பரங்கள் சொல்வதில்லை.

இனி, காட்சியின் செய்தி. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் வயல்களைப் பிரிக்கும் எல்லைகள் வெறும் வேலிகள் அல்ல. இருபுறமும் கல் அடுக்கி நடுவில் மண் நிரப்பி, மேலே புதரும் புல்லும் காட்டுப்பூவும் வளரவிட்ட அக்கரைகளைக் கார்னிஷ் ஹெட்ஜ் என்பர்; உயிர்வேலியும் வரப்பும் மதிலும் ஒன்றாய்ச் சேர்ந்தது எனலாம். அப்பகுதியின் சில வயல் எல்லைகள் வெண்கலக் காலத்தில் வகுக்கப்பட்டவை, இன்றும் பயன்பாட்டில் இருப்பவை. காரில் செல்பவருக்கு இவ்வளவும் சாலையின் இருமருங்கிலும் ஓடும் இரண்டு பச்சைச் சுவர்களாக மட்டுமே தெரியும். மூவாயிரம் ஆண்டுப் பழைமைக்கு நடுவில் போய்க்கொண்டிருந்தும் அடுத்த திருப்பத்தைத் தவிர அவர் எதையும் பார்ப்பதில்லை. பேருந்தின் மேல்தளத்தில் அமர்ந்தவருக்கோ அச்சுவர் கண்மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடும். ஒழுங்கற்ற சிறு வயல்கள், அவற்றுக்கிடையே மேயும் மாடுகள், 2006-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பழைய தகரச் சுரங்கங்களின் புகைபோக்கிகள், அவற்றுக்கு அப்பால் கடல் என்று நிலம் முழுவதுமாக விரியும். அவ்வப்போது மரக்கிளை ஒன்று முன்கண்ணாடியில் படாரென்று அறைய, முதல்முறை வந்தவர்கள் மட்டும் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

உயரம் இதில் பாதிதான். ஓட்டுபவரின் கண் சாலைக்குக் கடன்பட்டது. ஒரு நாட்டைச் சுற்றிப்பார்க்கப் போனவர், தம் வண்டியின் இடப்பக்க விளிம்பையே நாள் முழுதும் பார்த்துவிட்டு வருவது நகைப்புக்குரியதாகத் தோன்றினாலும், ஓட்டுதலின் இயல்பே அதுதான். சுக்கானைப் பிடிப்பவர் திசையைத் தீர்மானிக்கிறார். அதற்கு ஈடாகத் தம் கவனத்தைக் கொடுத்துவிடுகிறார். எங்கே செல்வது என்பதைப் பிறரிடம் விட்டவருக்குக் கவனம் மிஞ்சுகிறது. இவ்விரண்டில் எது சுதந்திரம் என்று பெயர்பெறத் தகும் என்பதில், இயந்திரம் விற்போர் கட்சி ஒருபக்கம் மட்டுமே ஓங்கி ஒலித்துவந்திருக்கிறது.

தமிழில் வீடு என்ற சொல்லுக்கு 'விடு' என்பதே வினையடி. அறம், பொருள், இன்பம் ஆகியவற்றுக்குப் பின் வைக்கப்படும் வீடு, பற்றுகளை விட்ட நிலையைக் குறிக்க, குடியிருக்கும் இல்லத்துக்கும் அதே சொல் வழங்குகிறது. வேலையை விட்டு இளைப்பாறும் இடம் என்பதால் அப்பெயர் வந்தது என்பாரும் உண்டு. அந்த விளக்கம் எப்படியாயினும், தான் கொண்டுவந்த வீட்டைத் திடலில் விட்டுவிட்டு, ஒரு தோள்பையோடு பேருந்து ஏறும் அந்த ஓய்வூதியருக்கு இச்சொல்லின் இரு பொருளும் அரைமணி நேர இடைவெளியில் கிட்டிவிடுகின்றன. ஆன்மிகத்தை இதில் ஏற்றிச் சொல்லத் தேவையில்லை. இறங்கும்போது வண்டியை எங்கே நிறுத்துவது என்ற கவலை அவருக்கு இல்லை, அவ்வளவே.

ஓய்வூதியர் என்றது காரணத்தோடுதான். இங்கிலாந்தில் அரசு ஓய்வூதிய வயதை எட்டியவர்களுக்கு இலவசப் பேருந்து அட்டை உண்டு. முன்னர் அவரவர் பகுதிக்குள் மட்டும் செல்லுபடியான இச்சலுகை, 2008 ஏப்ரல் முதல் இங்கிலாந்து முழுமைக்கும் விரிந்தது. வார நாள்களில் காலை 9.30 மணிக்குப் பிறகும், வார இறுதியில் நாள் முழுவதும் உள்ளூர்ப் பேருந்தில் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். கோடையில் கடலோர நிறுத்தங்களில் 9.30-ஐ ஒட்டி நரைத்த தலைகள் கூடுவதன் இரகசியம் இதுவே. ஆனால் இலவசம் என்பது யாரோ ஒருவர் கொடுப்பதுதான். பயணி எந்த ஊரினராயினும், அவர் எங்கே பேருந்து ஏறுகிறாரோ அப்பகுதியின் உள்ளாட்சியே பேருந்து நிறுவனத்துக்கு ஈடுசெய்ய வேண்டும் என்பது விதி. எனவே பர்மிங்காமிலிருந்து வந்தவர் கடற்கரையில் ஐஸ்கிரீம் சுவைத்துவிட்டுத் திடலுக்குத் திரும்பும் பயணத்தின் செலவு கடற்கரை ஊரின் கணக்கில் விழுகிறது. அவர் அங்கே வாங்கும் மீன்வறுவலும் தேநீரும் அதை ஓரளவு ஈடுகட்டலாம். மறுபுறம், லண்டனுக்கு வெளியே பேருந்துத் தொழில் 1986 அக்டோபரில் கட்டுப்பாடு நீங்கித் தனியார் போட்டிக்குத் திறந்துவிடப்பட்ட நாட்டில், இலாபம் தராத நாட்டுப்புறத் தடங்களை ஓடவைப்பதில் கோடைக்கூட்டத்துக்கும் பங்குண்டு என்பதை மறுக்க இயலாது.

இப்படி வந்துபோவோரை விருந்தினர் என்று அழைப்பதானால், அச்சொல்லை இவ்விடத்தில் சற்று உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. செயின்ட் ஐவ்ஸ் நகர மக்கள் 2016-இல் வாக்கெடுப்பு ஒன்றில், புதிதாகக் கட்டப்படும் வீடுகள் நிரந்தரக் குடியிருப்போருக்கே ஆகவேண்டும் என்ற விதிக்குப் பெருவாரியாக ஆதரவளித்தனர். விடுமுறைக்கு மட்டும் வந்துபோகும் வெளியூரார் வீடுகளை வாங்கிக் குவித்ததால், அங்கே பிறந்தவர்கள் அங்கே குடியிருக்க முடியாமல் போனதே அதற்குக் காரணம். தம் வீட்டைத் தாமே கொண்டுவந்து தாமே கொண்டுபோகும் மோட்டார்ஹோம்காரர் இவ்வகையில் குறைந்த தீங்கு செய்பவர். ஆயினும் நகரும் வீட்டில் வாழும் உரிமை எல்லோருக்கும் ஒன்றுபோல் கிட்டவில்லை. 1960-ஆம் ஆண்டின் கேரவன் திடல் சட்டம், அங்கீகாரம் பெற்ற கேரவன் சங்கங்களின் உறுப்பினர்கள் ஒரு விவசாயியின் நிலத்தில் ஐந்து வண்டிகள் வரை நிறுத்தித் தங்க வழிவிட்டது. அதே சட்டம், தலைமுறை தலைமுறையாக வண்டிகளிலேயே வாழ்ந்துவந்த ரோமானி மக்களுக்கு இடம் கிடைப்பதை மேலும் அரிதாக்கியது. இந்தியாவிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மேற்கே சென்றவர்களின் வழிவந்த அம்மக்களின் வண்டியைப் பார்த்து ஆசைப்பட்டே ஸ்டேபிள்ஸ் போன்றோர் தமக்கும் ஒன்று செய்துகொண்டனர். ஆசைப்பட்டவருக்குத் திடல் கிடைத்தது.

செப்டம்பர் கழிந்ததும் பல தடங்களில் குளிர்கால அட்டவணை நடைமுறைக்கு வர, கூரையற்ற மாடிப் பேருந்துகள் பணிமனைக்குத் திரும்புகின்றன. விவசாயியின் திடலில் சக்கர ஆப்புகள் அழுந்திய இடத்தில் புல் மஞ்சளாகக் கிடக்கும். அதே நிறுத்தத்தில் இப்போது பள்ளிப் பிள்ளைகளும், மருத்துவமனையில் முன்பதிவு செய்துகொண்டு 9.30-க்கு முன்பே கிளம்பியாக வேண்டிய மூதாட்டியும் நிற்கிறார்கள். அவர் கையில் அட்டையும் இருக்கிறது, அந்நேரத்துக்கு வேண்டிய சில்லறையும் இருக்கிறது.