கட்டிய கைகளின் காயம்

தவறு செய்தவன் மனம் வருந்துவதில் வியப்பில்லை. செய்தாக வேண்டியதைச் செய்த ஒருவர், ஆண்டுகள் பல கழிந்த பின்னும் அதை எண்ணி உறக்கம் இழப்பது ஏன்? மனநல மருத்துவமனைகளில் பணிபுரியும் செவிலியரின் வாழ்க்கை இந்தக் கேள்வியைக் கூர்மையாக எழுப்புகிறது.

இரவுப் பணி. நிறைந்து கிடக்கும் வார்டுக்கு ஒரே செவிலியர். இளைஞர் ஒருவர் நோயின் வேகத்தில் பக்கத்துப் படுக்கையிலுள்ள முதியவரைத் தாக்க முற்படுகிறார். அருகில் அமர்ந்து பொறுமையாகப் பேசினால் அவர் அடங்கக்கூடும். அமர்ந்தால் மற்றவர்களைப் பார்க்க ஆளில்லை. செவிலியர் மருத்துவரின் அனுமதி பெற்று, உதவியாளரின் துணையோடு இளைஞரைக் கட்டிலோடு கட்டி ஊசி போடுகிறார். 'கட்டாதீங்க சிஸ்டர்' என்ற குரல் மருந்து வேலை செய்யும்வரை ஒலிக்கிறது. முதியவர் காப்பாற்றப்பட்டார். ஆயினும் அந்தக் குரல் செவிலியரோடு வீட்டுக்கும் செல்கிறது.

2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் மாண்டதை நாடு மறந்திருக்காது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சங்கிலியிடுவதை முற்றிலும் தடைசெய்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டுமே ஒருவரைக் கட்டலாம், தண்டனையாகக் கட்டக் கூடாது, ஆள் பற்றாக்குறையைக் காரணமாகக் கொண்டு மட்டும் கட்டவும் கூடாது என்கிறது அதன் 97-ஆம் பிரிவு. சட்டம் இயற்றியவர்களுக்கு வார்டின் நிலை நன்றாகவே தெரிந்திருக்கிறது! பல இடங்களில் தடை வந்து சேர்ந்தது. ஆட்கள் வந்து சேரவில்லை.

சரியானது எது என்று அறிந்தும் நிறுவனத்தின் நிலை அதைச் செய்யவிடாதபோது எழும் துன்பத்தை 1984-இல் ஆன்ட்ரூ ஜேமட்டன் 'அறத் துயர்' எனக் குறித்தார். அவர் எழுதியது செவிலியரைப் பற்றியே. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குச் சிகிச்சையளித்த ஜோனதன் ஷே, இன்னும் ஆழமான ஒன்றை 'அறக் காயம்' என்றார். அதிகாரத்தில் இருப்பவரே அறத்துக்குத் துரோகம் இழைக்கும்போது இக்காயம் உண்டாகிறது என்பது அவர் கருத்து.

'பெரிய தீங்கைத் தடுத்தாய், வருந்த ஏதுமில்லை' என்று கணக்குப் பார்த்து ஆறுதல் சொல்வோர் உண்டு. இரு கடமைகள் மோதி ஒன்றைத் தேர்ந்தால் மற்றது இல்லாமல் போவதில்லை, அதன் மிச்சம் நிற்கிறது என்று இதற்கு மறுமொழி தந்தார் தத்துவ அறிஞர் பெர்னார்டு வில்லியம்ஸ். நம் நாட்டில் கேட்கும் ஆறுதல் வேறு விதம்: 'பலனை எண்ணாமல் கடமையைச் செய்.' இது கீதையைச் சௌகரியத்துக்கு வளைப்பதாகும். கீதை விடச் சொல்வது தன்னலப் பற்றை. கட்டிலில் கிடப்பவரின் வேதனை செவிலியருக்குரிய பலன் அல்ல. அதைக் காணாதிருப்பது பற்றின்மையும் அல்ல.

மகாபாரதம் இவ்விஷயத்தில் எளிதில் சமாதானம் ஆவதில்லை. துரோணரிடம் அசுவத்தாமன் இறந்ததாகத் தருமர் சொன்னது போரின் நெருக்கடியில்; கண்ணனே தூண்டியது. ஆயினும் அதுவரை நிலத்துக்கு நான்கு விரற்கடை மேலே சென்ற அவரது தேர் அப்போதே மண்ணைத் தொட்டது. வெற்றிக்குப் பின் தம்பியரும் திரௌபதியும் முனிவரும் எத்தனையோ நியாயங்கள் கூறியும் அவர் தேறவில்லை. முடிவில் வியாசர் வாதத்தோடு நில்லாமல், அசுவமேதம் செய்யும்படி பணித்தார்.

நீண்டகால வார்டுகளில் இதைப் போன்றதொரு பொய் அன்றாடம் சொல்லப்படுகிறது. நோய் தணிந்தும் குடும்பம் ஏற்காத பெண்மணி கேட்கிறார்: 'தம்பி எப்போ வருவான்?' 'அடுத்த வாரம்மா.' முதல் முறை சொல்லும்போது செவிலியரின் நா தடுமாறும். நூறாவது முறை தடுமாறாது. வலி மரத்துப்போகும் இந்த இடமே உறக்கமின்மையைவிட அஞ்சத்தக்கது. ஆகவே வலியை மட்டும் போக்க முனையும் ஆலோசனைகளும் தியானப் பயிற்சிகளும் போதா.

முதலில் காயப்பட்டவர் கட்டப்பட்டவரே என்பதையும் மறக்கலாகாது. செவிலியருக்கான பிராயச்சித்தம் அவரிடமிருந்தே தொடங்க முடியும். மறுநாள் அந்த இளைஞரின் அருகில் அமர்ந்து, 'உங்களைக் கட்டியது நான்தான். இன்ன காரணத்தால்' என்று சொல்லி, அவருக்கு அது எப்படி இருந்தது, அடுத்த முறை வேகம் எழும்போது எது உதவும் என்று கேட்கலாம். அவர் கோபத்தோடு முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் கூடும். அந்த உரிமை அவருக்கு உண்டு.

எஞ்சியது பதிவேட்டில் காரணம் எழுதும் இடம். 'வன்முறை' என்ற ஒரு சொல் போதும். எவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். 'இரவுப் பணியில் ஒருவரே இருந்தார்' என்று செவிலியர் சேர்த்து எழுதினால், காலையில் அதைப் படிக்கும் கண்காணிப்பாளர் அவரிடம் விளக்கம் கேட்கலாம். அல்லது அதே பக்கத்தை இணைத்து, கூடுதல் ஆட்கள் கேட்டு அரசுக்குக் கடிதம் எழுதலாம்.