ஏழு நாடும் மூன்று நாடும்

ஒன்பது நாள், ஏழு நாடு. அத்தான் நோட்டில் அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டு எழுதியிருந்தார். ஜெர்மனியில் தொடங்கி பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, லிக்டன்ஸ்டைன், இத்தாலி, ஸ்லோவேனியா, ஆஸ்திரியா என்று சுற்றி மறுபடி ஜெர்மனி. அக்கா மகன் மியூனிக்கில் வேலை பார்க்கிறான். அவன் கார், அவன்தான் ஓட்ட வேண்டும். அக்காவுக்கும் அத்தானுக்கும் அது முதல் வெளிநாட்டுப் பயணம். நானும் என் கணவரும் ஆறு வருடங்களுக்கு முன் ஒருமுறை போய்வந்தவர்கள் என்பதால் நோட்டு என் கைக்கு வந்தது. "சரியா இருக்கான்னு பாரு" என்றார் அத்தான்.

தூரம் சரியாக இருந்தது, ஊர்களின் வரிசையும் சரி. ஆனால் அப்படிப்பட்ட ஒரு கட்டத்துக்குள் நான் ஏற்கெனவே ஒரு வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த முறை ஏழு நாளில் ஆறு நாடு. அப்போதும் ஓட்டியது அக்கா மகன்தான். இப்போது கண்ணை மூடினால் முதலில் வருவது சுவிட்சர்லாந்தின் கோத்தார்டு சுரங்கப்பாதையின் வடக்கு வாசல். 1980இல் திறந்த பாதை, ஏறக்குறைய 17 கிலோமீட்டர் நீளம். கோடை விடுமுறைக் கூட்டம். இரண்டரை மணி நேரம் வரிசையில் நின்றோம். தலைக்கு மேலே 2,106 மீட்டர் உயரத்தில் பழைய கணவாய்ச் சாலை திறந்துதான் இருந்தது. அதில் ஏறி இறங்கியிருக்கலாம். இரவுக்குள் இத்தாலியில் அடுத்த ஊருக்குப் போக வேண்டும், வளைந்து வளைந்து ஏற நேரமில்லை என்று அடம்பிடித்தது நாங்கள்தான். உள்ளே போன பிறகு விளக்கும் சுவரும்தான். ஆல்ப்ஸ் மலையை நான் கடந்தது அப்படித்தான், மலையைப் பார்க்காமல்.

அன்று தங்குமிடத்துக்குப் போய்ச் சேர இரவு பதினொன்று ஆகிவிட்டது. மறுநாள் காலையில் ஊரைச் சுற்றப் புறப்பட்டபோது, "நீங்க போய்ட்டு வாங்க சித்தி, நான் கார்லயே இருக்கேன்" என்றான். நாங்கள் தேவாலயம், கடைவீதி எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது இருக்கையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அந்த ஊரை அவன் பார்க்கவே இல்லை. ஊர் திரும்பிச் சில மாதம் கழித்து அவன் முகவரிக்கு ஓர் அபராதக் கடிதம் வந்தது. இத்தாலிய நகரங்களின் பழைய பகுதிகள் பலவற்றில் அனுமதி இல்லாத வண்டிகள் நுழையக் கூடாத எல்லை உண்டு. கேமரா எண்ணைப் பிடித்துவிடும். களைப்பில் அறிவிப்புப் பலகை அவன் கண்ணில் படவில்லை. அவன் அதை எங்களிடம் சொல்லவும் இல்லை, அக்கா மூலமாகத்தான் தெரிந்தது.

அந்தக் கடிதம் எனக்குள் ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் போனது. நாடுகளின் எண்ணிக்கை யாருக்காக? காருக்குள் இருந்தவர்களுக்கு அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை. ஊருக்கு வந்து, "ஆறு நாடு பாத்துட்டு வந்தோம்" என்று சொன்ன அந்த அரை நிமிடத்துக்குத்தான் அது பயன்பட்டது. அந்த அரை நிமிடத்துக்கான விலையை, வருடாந்தர விடுப்பை எங்களுக்காகக் கொடுத்த ஒரு பிள்ளை சக்கரத்தின் பின்னால் உட்கார்ந்து கட்டியிருக்கிறான்.

அப்படியானால் ஒரே நாட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதானா? எனக்கு அப்படியும் தோன்றவில்லை. பல நாடுகளைக் காரில் கடப்பதற்கு வேறெதற்கும் இல்லாத ஓர் அருமை உண்டு. அதை நான் சொந்த ஊரிலேயே பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர் செங்கோட்டை. 1956 நவம்பர் வரைக்கும் அது திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது. மாநிலங்களைப் பிரித்தபோதுதான் சென்னை மாநிலத்துக்கு வந்தது. புளியரை தாண்டி ஆரியங்காவு பக்கம் ஏறும்போது எந்த இடத்தில் தமிழ் முடிந்து மலையாளம் தொடங்குகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. வயல் மெல்ல ரப்பர் தோட்டமாகும். டீக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வடைக்குப் பக்கத்தில் பழம்பொரி வந்து உட்காரும். பேச்சு இரண்டுங்கெட்டானாக இருக்கும். நம் இலக்கணக்காரர்கள் சொல்லும் திணை மயக்கம் எனக்கு நினைவுக்கு வரும். ஒரு திணைக்கு உரியது இன்னொரு திணையோடு கலப்பது. விமானத்தில் போகிறவருக்கு இது கிடையாது. இரவில் 130 கிலோமீட்டர் வேகத்தில் காரில் போகிறவருக்கும் கிடையாது.

ஐரோப்பாவில் இந்த மயக்கத்தைப் பார்க்க ஒரு நல்ல இடம், ஆஸ்திரியாவையும் இத்தாலியையும் இணைக்கும் பிரென்னர் கணவாய். உயரம் 1,370 மீட்டர்தான். அதன் வடக்குச் சரிவில் விழும் மழை இன் ஆற்றோடு போய், டான்யூபில் கலந்து, கருங்கடலைச் சேரும். தெற்கில் விழுவது அடிஜே ஆற்றின் வழியே ஏட்ரியாட்டிக் கடலுக்குப் போகும். தண்ணீர் இப்படிக் கறாராகப் பிரிந்துகொள்கிறது, மனிதர்கள் பிரியவில்லை. கணவாயைத் தாண்டி இத்தாலிக்குள் இறங்கினால் ஊர்ப்பலகைகளில் இரண்டிரண்டு பெயர். ஜெர்மனில் போட்சன், இத்தாலியனில் போல்சானோ. முதல் உலகப் போருக்குப் பிறகு ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலிக்குப் போன மண் அது. அந்த மாகாணம் முழுவதையும் எடுத்தால் பெரும்பாலோரின் தாய்மொழி இன்றும் ஜெர்மன்தான். செங்கோட்டைக்காரிக்கு அது வேற்றூராகத் தெரியவில்லை. நோட்டில் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஆஸ்திரியாவா, இத்தாலியா? அங்கே இரண்டு நாள் இருந்தால் இரண்டையும் பார்க்கலாம், அவை கலந்து நிற்பதையும் பார்க்கலாம்.

இதையெல்லாம் சொல்லி, அத்தானோடு உட்கார்ந்து நான்கு நாடுகளின் மேல் கோடு இழுத்தோம். மிஞ்சியவை ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி. மியூனிக்கிலிருந்து இன்ஸ்புரூக் சுமார் 160 கிலோமீட்டர், அங்கிருந்து பிரென்னர் வழியாக போல்சானோ 120. பிறகு வெனிஸ் 270. அங்கிருந்து சால்ஸ்பர்க் 420க்கு மேல். பயணத்தில் நீண்ட நாள் அது ஒன்றுதான். சால்ஸ்பர்க்கிலிருந்து மியூனிக் 145. வட்டமாகப் போய் வட்டமாகத் திரும்புவது. நான்கு ஊர், ஊருக்கு இரண்டு இரவு. ஓர் இரவு மட்டும் தங்கினால் பெட்டியைத் திறந்து மூடுவதிலேயே ஊர் முடிந்துவிடும்.

முதல்முறை போகிறவர்கள் கணக்கில் விட்டுவிடும் சிலவற்றையும் சேர்த்துக்கொண்டோம். வழிகாட்டிச் செயலி மூன்று மணி நேரம் என்றால் நாங்கள் நாலரை என்று எழுதினோம். அக்காவுக்கு முழங்கால் வலி. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும். காரின் வேகம் அக்காவின் முழங்கால்தான். ஐந்து பேர் ஏறும் காரில் ஐந்து பெரிய பெட்டிகள் ஏறாது; ஆளுக்கொரு சின்னப் பை, பெரிய பெட்டி மியூனிக் வீட்டில். இரவு முழுக்க விமானத்தில் விழித்து வந்தவர்களை மறுநாளே காரில் ஏற்றக் கூடாது. முன்னும் பின்னுமாக ஐந்து இரவு பிள்ளையின் வீட்டில். அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் ஷெங்கன் விசா கேட்க வேண்டும் என்பதால் ஜெர்மனியிடம் விண்ணப்பித்தோம்.

சாலைக்கும் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு வழக்கம். ஜெர்மனியின் நெடுஞ்சாலையில் காருக்குச் சுங்கம் இல்லை. ஆஸ்திரியாவில் விக்னெட் என்ற சாலை வரிச் சீட்டு வாங்க வேண்டும். பத்து நாள் சீட்டு எங்கள் ஒன்பது நாளுக்குப் போதும். பிரென்னர் நெடுஞ்சாலைக்கும், சால்ஸ்பர்க் போகும் வழியிலுள்ள டௌவெர்ன் சுரங்கப்பாதைக்கும் தனிக் கட்டணம். இத்தாலியில் நம் ஊர் போலச் சாவடியில் கட்ட வேண்டும். வெனிஸ் தீவுக்குள் கார் ஓடாது. மெஸ்த்ரேயில் நிறுத்திவிட்டு ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஐரோப்பாவில் ஓட்டப் பிள்ளை இல்லாமல், கார் வாடகைக்கு எடுப்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். எந்தெந்த நாட்டுக்கு வண்டியைக் கொண்டுபோகலாம் என்று வாடகைக்காரரிடம் முதலிலேயே எழுத்தில் கேட்க வேண்டும். ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விட்டால் தனிக் கட்டணம் கேட்பார்கள். இடப்பக்கம் ஓட்டிப் பழகிய கைக்கு வலப்பக்கம் வசப்பட ஒரு முழு நாளையாவது சின்னச் சாலையில் கொடுக்க வேண்டும்.

போய்வந்தோம். பிரென்னருக்கு நெடுஞ்சாலையை விட்டுப் பழைய சாலையில் ஏறினோம். போல்சானோவில் இரண்டாம் நாள் மாலை, ஆற்றங்கரைப் புல்லில் அக்கா கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் மகன், காலணியைக் கழற்றி வைத்துவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு வருடம் முன்பு இருக்கையைச் சாய்த்துத் தூங்கிய பிள்ளை. சாவி அவன் சட்டைப்பைக்குள் இருந்தது. அன்று முழுவதும் கார் நகரவில்லை.

ஏழு நாடு நோட்டை அவனுக்கு முதலில் அனுப்பியபோது, "ஓட்டிரலாம்பா, ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்றுதான் பதில் எழுதியிருந்தான். அப்பா ஆசைப்பட்டால் அவன் வேறென்ன எழுதுவான்? பிள்ளைகள் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். அதனால் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எத்தனை நாடு என்று எழுதுவதற்கு முன்னால், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓட்டினால் சாயங்காலம் உன்னால் எங்களோடு நடந்து வர முடியும் என்று ஓட்டுகிறவரைக் கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணை நோட்டின் முதல் வரியில் எழுதுங்கள். நாடுகள் அதற்குக் கீழே வரட்டும்.